கியூபா இசை நிகழ்ச்சிக்குப் போகிறீர்களா? கதிரையை மறந்துவிடுங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கியூபா நடன இசை நிகழ்ச்சிக்கு ரிக்கெற் எடுத்தீர்கள் என்றால் அதில் அரைவாசி வேலை உங்களுடையது. மேடையில் ஆறேழு பேரோ பத்துப் பதினைந்து பேரோ வாசிப்பார்கள், பாடுவார்கள். கீழே நிற்கிற சனம் ஆட வேண்டும், தட்ட வேண்டும், பாட்டின் பின்பாதியில் ஒரு வரியைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பாட வேண்டும். இது ஒன்றும் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டு, பாட்டு முடிய மரியாதைக்கு நாலு தட்டுத் தட்டினால் அவர்களுக்கும் அந்த இரவு சப்பென்று போய்விடும், உங்களுக்கும் "என்னப்பா, ஒரே வரியைப் பத்து நிமிடமாகப் பாடுகிறார்கள்" என்றுதான் இருக்கும். யாழ்ப்பாணத்தில் கச்சேரி என்றால் இருந்து கேட்பது என்றே பழகிவிட்டோம். அதனால் முற்றவெளிக்கோ இங்குள்ள ஒரு மண்டபத்துக்கோ அப்படி ஒரு குழு வந்தாலும் சரி, கொழும்பில் நடக்கிறது என்று கேள்விப்பட்டு ரயில் ஏறினாலும் சரி, ரொறன்ரோவில் அக்கா வீட்டில் நிற்கும்போது அவவின் பிள்ளைகள் இழுத்துக்கொண்டு போனாலும் சரி, போக முதல் இதை ஒருக்கால் வாசியுங்கள்.

எந்த மாதிரிக் குழு வருகிறது என்று பாருங்கள். விளம்பரத்தில் பெரும்பாலும் "சல்சா" என்றுதான் போட்டிருப்பார்கள். அந்தப் பெயர் நியூயோர்க்கில் பிரபலமானது, உள்ளே இருப்பதில் பெரும்பங்கு கியூபாச் சரக்கு. ஆறேழு பேர், கிற்றார், ஒரு ட்ரம்பெற், இரட்டை இரட்டையாக மூன்று சோடித் தந்தி போட்ட "த்ரெஸ்" என்ற சின்னக் கிற்றார், பொங்கோ என்ற இரட்டைக் குட்டி மேளம், மரக்காஸ் என்ற கிலுக்குகள் என்று படத்தில் தெரிந்தால் அது சொன். கியூபாவின் கிழக்குப் பக்கத்தில் பிறந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹவானாவுக்கு வந்து சேர்ந்த இசை. புவெனா விஸ்தா சோஷியல் கிளப் என்று 1997இல் ஒரு இசைத்தட்டு வந்து உலகமெல்லாம் ஓடியதே, அதில் இருப்பதில் பெரும்பகுதி இந்த வகைதான். வேகம் மிதமானது, முதல் தடவை போகிறவர்களுக்கு நல்லது. புல்லாங்குழலும் வயலின்களும் இருந்தால் சரங்கா. 1939இல் சியென்ஃபுவேகோஸ் நகரத்தில் தொடங்கிய ஒர்க்கெஸ்தா அரகோன் இதற்கு நல்ல உதாரணம். 1950களின் தொடக்கத்தில் வயலின்காரர் என்றிக்கே ஹொறீன் உருவாக்கிய சா-சா-சா என்ற ஆட்ட இசை இப்படிப்பட்ட குழுக்களில் இருந்துதான் வந்தது. பெரிய குழு, ட்ரம் செற், கீபோர்ட் இரண்டு, ட்ரொம்போன், முன்னால் மூன்று நாலு பாடகர்கள் என்றால் அது திம்பா, அல்லது அதற்குக் கிட்டியது. ஹுவான் ஃபொர்மெல் 1969இல் தொடங்கிய லொஸ் வான் வான் இதற்கு வழி போட்டது, 1988இல் வந்த என்.ஜி. லா பாந்தா அந்த வழியில் கிடுகிடுவென்று ஓடியது. திம்பாவுக்குப் போகிறீர்கள் என்றால் முதல் நாள் நன்றாக நித்திரை கொள்ளுங்கள்.

குழுவின் பெயர் தெரிந்தவுடன் யூடியூபில் அவர்களுடைய மேடை நிகழ்ச்சிகளைத் தேடிப் பாருங்கள், ஸ்டூடியோப் பதிவைவிட அதுதான் பிரயோசனம், ஏனென்றால் பதிவில் நாலு நிமிடத்தில் முடிகிற பாட்டு மேடையில் பத்து நிமிடத்தைத் தாண்டும். முழுப் பாட்டையும் பாடமாக்க வேண்டியதில்லை. பின்பாதியில் எல்லாரும் சேர்ந்து பாடுகிற வரி ஒன்று வரும், அதை மட்டும் பிடியுங்கள். நாலைந்து சொல்தான் இருக்கும். சமைக்கும்போது, வேலைக்குப் போகும்போது ஒரு கிழமை ஓட விட்டாலே நாக்கில் ஏறிவிடும். பொருள் விளங்காவிட்டாலும் பரவாயில்லை.

இனி கிளாவே. இரண்டு குட்டைக் கட்டைகள், ஒன்றில் ஒன்று தட்டினால் "டொக்" என்று கூர்மையான சத்தம் வரும். கருவிக்கும் அதே பெயர், அதில் தட்டுகிற ஐந்து தட்டு உள்ள வடிவத்துக்கும் அதே பெயர். முழு இசையும் இந்த ஐந்து தட்டைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது, சில பாட்டில் கட்டை கேட்காது, ஆனாலும் எல்லாருடைய தலைக்குள்ளும் அது ஓடிக்கொண்டிருக்கும். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கு ஒரு தரமாவது ஆதி தாளம் போட்ட கைக்கு இது பெரிய வேலை இல்லை. தொடையில் ஆதி தாளம் போடுங்கள். முதல் தட்டில் ஒரு "டொக்". சின்ன விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில், சரி பாதியில், இரண்டாவது. நடுவிரலில் மூன்றாவது. அடுத்து வருகிற தட்டில், அதாவது ஐந்தாவது எண்ணிக்கையில், ஒன்றும் இல்லை, விட்டுவிட வேண்டும். பிறகு வீச்சில் நாலாவது, அதற்கு அடுத்த தட்டில் ஐந்தாவது. கடைசி வீச்சு காலி. அவ்வளவுதான், ஒரு ஆவர்த்தனம் முடிந்தது. ஆறுதலாகத் தொடங்கி வேகத்தைக் கூட்டுங்கள், மேடையில் இந்த ஆவர்த்தனம் இரண்டு மூன்று செக்கனில் ஓடி முடிந்துவிடும். அந்த ஐந்தாவது எண்ணிக்கைதான் எல்லாரையும் விழுத்துகிற இடம், கை தானாகப் போய்த் தட்டும். சில பாட்டுகள் இந்த வடிவத்தின் பின்பாதியில் இருந்து தொடங்கும், அப்போது இரண்டு தட்டு முதலிலும் மூன்று தட்டு பிறகும் வரும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: கிளாவே நூற்றுக்கு நூறு கைக்கு வராவிட்டால் மண்டபத்தில் அதைத் தட்ட வேண்டாம். பாதி மாறித் தட்டினால் பக்கத்தில் ஆடுகிறவருக்குக் கால் பின்னும். சும்மா எண்ணிக்கைக்குத் தட்டுங்கள், அல்லது பாடகர் தலைக்கு மேல் கையைத் தூக்கித் தட்டிக் காட்டுவார், அவரைப் பார்த்துத் தட்டுங்கள். நம் ஆட்களுக்கு இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. பைலா வேறு நடை, அதற்குப் பழகிய கை எந்தப் பாட்டுக்கும் அதே தட்டைத்தான் தட்டப் பார்க்கும். கையை ஒருக்கால் அடக்கிவிட்டுக் காதைக் கொடுங்கள்.

சமம் எங்கே என்று தேடி பேஸ் கிற்றாரை நம்பினால் தொலைந்தீர்கள். கியூபா பேஸ் முதல் எண்ணிக்கையில் பெரும்பாலும் விழாது, அதற்கு முன்னாலேயே விழுந்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும், அந்தத் தள்ளல்தான் காலை இழுப்பது. நீங்கள் பார்க்க வேண்டிய ஆள் பொங்கோக்காரர். பாட்டின் முன்பாதியில் அவர் இரண்டு குட்டி மேளங்களை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு விரலால் கொஞ்சிக்கொண்டு இருப்பார். கதை சொல்கிற பகுதி அது, பாடகர் அமைதியாகப் பாடுவார், மேடையில் ஒரு அடக்கம் இருக்கும். திடீரென்று அவர் பொங்கோவை விட்டுவிட்டு, கையில் பிடிக்கிற பெரிய மணி ஒன்றை எடுத்து, தடித்த குச்சியால் அதன் வாயில் அடிக்கத் தொடங்குவார். "கொங், கொங்" என்று எண்ணிக்கைக்கு எண்ணிக்கை விழும். அந்தக் கை மணிக்குப் போகிறதா என்று பாருங்கள், போனால் பாட்டு மொந்தூனோவுக்குள், அதாவது ஒரே வரியைத் திருப்பித் திருப்பிப் பாடுகிற பின்பாதிக்குள், நுழைந்துவிட்டது என்று அர்த்தம். பியானோ ஒரே சுற்றைச் சுற்றத் தொடங்கும், பின்னால் நிற்கிறவர்கள் கோரோ வரியை, அதாவது எல்லாரும் சேர்ந்து பாடுகிற அந்த வரியைப் பிடிப்பார்கள், முன்னால் நிற்கிற பாடகர் ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் புதிதாக ஒரு வரியை எடுத்து விடுவார். உங்கள் வேலை தொடங்குகிற இடம் இதுதான். தெரியாமல் வந்தவர் "ஐயோ, திரும்பத் திரும்பப் பாடுகிறார்களே" என்று செல்போனை எடுக்கிற இடமும் இதுதான்.

கோரோ வரியை முதல் இரண்டு தரம் கேளுங்கள், மூன்றாவது தரம் வாயசையுங்கள், நாலாவது தரம் கத்துங்கள். பாடகர் ஒலிவாங்கியைச் சனத்தின் பக்கம் நீட்டினால் வெட்கப்படாமல் பாட வேண்டும், அங்கே மௌனம் விழுந்தால் அதைப்போல ஒரு சங்கடம் கிடையாது. பாடகர் வரி எடுக்கும்போது பேசாமல் கேளுங்கள், ஏனென்றால் நல்ல பாடகர் அந்த இடத்தில்தான் ஊர்ப் பெயரைச் சொல்வார், முன்வரிசையில் ஆடுகிற ஒரு ஆச்சியைப் பற்றிப் பாடுவார், ட்ரம்பெற்காரரைக் கிண்டல் பண்ணுவார். பாட்டு சூடேற ஏறக் கோரோ வரி குறுகிக்கொண்டே வரும், நீள வரி அரை வரியாகும், கடைசியில் இரண்டே சொல் மிஞ்சும். குறுகக் குறுகச் சனம் கூடச் சத்தம் போடும். நடுவில் ட்ரம்பெற்றும் ட்ரொம்போனும் சேர்ந்து வெட்டி வெட்டி ஒரு சுற்று வாசிக்கும், அப்போது பாட வேண்டாம், ஆடினால் போதும்.

திம்பாவில் இதற்கு மேலும் ஒரு கட்டம் உண்டு. பேஸ் திடீரென்று நின்றுவிடும், அல்லது வழுக்கி வழுக்கிக் கர்ஜிக்கும், பியானோ ஒதுங்கும், மேளங்கள் மட்டும் நிற்கும், பாடகர் கையைத் தூக்கச் சொல்வார். சோடியாக ஆடிக்கொண்டிருந்தவர்கள் கையை விட்டுவிட்டுத் தனித்தனியாக இடுப்பையும் தோளையும் உதறி ஆடுவார்கள். முதல் தடவை பார்க்கிறவர் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார். நிற்க வேண்டாம், உங்களால் ஏலுமான அளவுக்கு ஆடுங்கள். மேளக்காரர்கள் கீழே பார்த்துத்தான் வாசிக்கிறார்கள். இந்த இசைக்கெல்லாம் அடியில் கிடக்கிற ரும்பா என்ற மேள ஆட்டத்தில் (2016இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது) கிந்தோ என்ற மேளம் ஆடுகிறவரின் காலைப் பார்த்துத்தான் அடி போடும், காவடி ஆடுகிறவர் ஒரு சுழற்சி கூடச் சுற்றினால் தவில்காரர் அதற்கொரு உருட்டுக் கொடுப்பாரே, அப்படி. சனம் சோர்ந்தால் குழுவும் சீக்கிரம் பாட்டை மூடிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடும்.

சரி, ஆட்டம் தெரியாது என்கிறவர்களுக்கு. நின்ற இடத்திலேயே இடம், வலம், இடம், ஒரு எண்ணிக்கை நிறுத்து. வலம், இடம், வலம், நிறுத்து. இதுதான் முழு அடிப்படையும். அடி சின்னதாக இருக்கட்டும், ஒரு தரைக்கல் அகலத்துக்கு மேல் கால் போகத் தேவையில்லை. முழங்காலை இளக்கி வைத்தால் இடுப்பு தானாக அசையும், இடுப்பை வலிந்து ஆட்டினால் பார்க்கச் சகிக்காது. குதிக்க வேண்டாம். பிக் மாட்சில் பப்பரே அடிக்கும்போது தோளில் கை போட்டுக்கொண்டு துள்ளுகிற பொடியன்கள் இங்கேயும் வந்து அதையே செய்வதைப் பார்த்திருக்கிறேன், பக்கத்தில் வடிவாக ஆடிக்கொண்டிருந்த நாலு சோடி இடம் இல்லாமல் ஒதுங்கிப் போனதுதான் மிச்சம்.

யாரையாவது சோடியாக ஆடக் கூப்பிடலாம், கேட்டுக் கூப்பிடுங்கள். கையை நீட்டி, தலையை அசைத்து, "ஒரு பாட்டு ஆடுவமா" என்றால் போதும். "இல்லை" என்றால் சிரித்துவிட்டு நகருங்கள், ஏன் என்று கேட்கக் கூடாது, இரண்டாம் தரமும் கேட்கக் கூடாது. ஒரு பாட்டு முடிந்ததும் நன்றி சொல்லிக் கொண்டுபோய் விட்டுவிடுங்கள், அடுத்த பாட்டுக்கும் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது அழகில்லை. நம் பக்கத்துக் கூட்டங்களில் பெண்பிள்ளைகள் முன்னுக்குப் போகப் பயப்படுவதற்குக் காரணம் அவர்களுடைய கூச்சம் என்று சொல்லித் திரிகிறார்கள், காரணம் உரசுகிற ஆட்கள். நாலைந்து பேராகப் போங்கள், மேடைக்கு நேர் நடுவை விட்டுப் பக்கவாட்டில் நில்லுங்கள், ஒருவன் சேட்டை விட்டால் சத்தமாகச் சொல்லுங்கள், கூட நிற்கிற ஆண்களும் "விடு, விடு" என்று சமாளிக்காமல் காவலுக்கு நிற்கிறவரைக் கூப்பிடுங்கள். வட்டமாக நின்று பல சோடிகள் ஒருவர் சொல்லச் சொல்ல ஆள் மாற்றி ஆடுவதைப் பார்த்தால் அது ருவேதா, பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் முறை தெரியாமல் நடுவில் புகுந்தால் முழு வட்டமும் குழம்பிப் போகும். வெளியில் நின்று தட்டுங்கள்.

உடுப்பு விசயத்தில் ஒரே விதி, வேர்க்கும். பருத்திச் சேட்டு, இன்னொன்று பையில், ஒரு சின்னத் துவாய். பட்டுச் சீலையைக் கல்யாண வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சீலைதான் உடுப்பேன் என்றால் பருத்தியில் உடுத்து, முந்தானையை இடுப்பில் செருகி, கரையைக் கணுக்காலுக்கு மேலே எடுத்துக் கட்டுங்கள். சப்பாத்துத்தான் முக்கியம். ஓடுகிற சப்பாத்தின் ரப்பர் அடி தரையைப் பிடித்துக்கொள்ளும், உடம்பு திரும்பும், கால் திரும்பாது, மறுநாள் முழங்கால் கதை சொல்லும். வழுவழுப்பான அடி உள்ள பழைய தோல் சப்பாத்து இருந்தால் அதைப் போடுங்கள். செருப்போடு போனால் யாராவது குதிக்காலால் மிதிப்பார்கள். முற்றவெளி மாதிரிப் புழுதித் தரை என்றால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, அங்கே காலை மூடிய எதுவும் சரி, திரும்புகிற ஆட்டத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே நிற்பது? ஒலிக் கட்டுப்பாட்டு மேசைக்குக் கொஞ்சம் முன்னால் நின்றால் எல்லாக் கருவியும் தெளிவாகக் கேட்கும், ஏனென்றால் சத்தத்தைச் சரி பண்ணுகிறவர் அங்கிருந்து கேட்டுத்தான் சரி பண்ணுகிறார். ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் நிற்காதீர்கள். 100 டெசிபெல் சத்தத்தில் 15 நிமிடத்துக்கு மேல் நிற்பது காதுக்குக் கூடாது, பெரிய நிகழ்ச்சிகளில் பெட்டிக்குப் பக்கத்தில் அந்த அளவு சாதாரணமாக வந்துவிடும். காதடைப்பான் ஒரு சோடி பையில் கிடக்கட்டும், சின்னப்பிள்ளைகளைக் கொண்டுபோனால் கட்டாயம். கதிரை போட்ட மண்டபம் என்றால் நடைபாதை ஓரத்துக் கதிரையாக எடுங்கள். அப்போதுதான் பொங்கோக்காரர் மணியை எடுக்கும்போது பின்னால் இருப்பவருக்கு மறைக்காமல் எழும்பிப் பக்கத்துக்குப் போக முடியும். முதல் ஆளாக எழும்புவதுதான் யாழ்ப்பாணத்தில் கஷ்டம், "ஆரின்ர மகன் அது" என்று நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். மூன்று பேர் ஒன்றாக எழும்பினால் மூன்றாவது பாட்டுக்குள் அந்தப் பக்கம் முழுக்க எழும்பிவிடும்.

அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்றால், தாராளமாக. கியூபாவில் இது இளசுகளின் இசை மட்டும் இல்லை, எழுபது வயதுக்காரர்களும் சோடியாக ஆடுவார்கள். எம்.எஸ்.விஸ்வநாதன் பாட்டுகளில் பொங்கோவையும் லத்தீன் தாளத்தையும் கேட்டு வளர்ந்த தலைமுறைக்குச் சா-சா-சா உங்களைவிடச் சுகமாகப் பிடிபடும். அவர்களுக்குப் பக்கவாட்டில் கதிரை பிடித்துக் கொடுங்கள், சரங்கா, சொன் குழு என்றால் இன்னும் நல்லது, திம்பாவுக்கு மட்டும் யோசித்துச் செய்யுங்கள். என் பெரியப்பா ஒருவருக்குக் கியூபா என்றவுடன் இசை ஞாபகம் வராது, சே குவேரா 1959இல் இலங்கைக்கு வந்து ஹொரணைப் பக்கத் தோட்டத்தில் மரம் நட்ட கதைதான் வரும். அப்படிப்பட்டவர்களும் வரட்டும், ஆனால் பாட்டு நடக்கும்போது அரசியல் கதைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டை முன்னதாக, அளவாக முடியுங்கள். கொத்து ரொட்டியை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஆடப் போனால் இரண்டாவது பாட்டிலேயே தெரியும். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருங்கள், நம் ஊர்ப் புழுக்கத்தில் சோடா தாகத்தைக் கூட்டத்தான் செய்யும். செல்போனில் ஒரு பாட்டை எடுங்கள், அதோடு பையில் போடுங்கள், கோரோவுக்கு இரண்டு கையும் தேவை. கொழும்பில் நடக்கிறது என்றால் அன்றிரவே பஸ் பிடித்துத் திரும்பலாம் என்று கணக்குப் போட வேண்டாம், இப்படிப்பட்ட நிகழ்ச்சிகள் சொன்ன நேரத்தில் தொடங்குவதும் இல்லை, முடிவதும் இல்லை. வெள்ளவத்தையில் யாராவது சொந்தக்காரர் வீட்டில் பாய் போட்டுத் தரச் சொல்லிவிட்டுப் போங்கள், காலையில் ஆறுதலாக ரயில் ஏறலாம்.

கடைசிப் பாட்டு என்று அவர்கள் சொல்வது கடைசிப் பாட்டாக இருக்காது. வணக்கம் சொல்லி உள்ளே போவார்கள், விளக்கு இன்னும் போட்டிருக்க மாட்டார்கள். அப்போது கதவுப் பக்கம் ஓடாமல் நின்ற இடத்திலேயே "ஓத்ரா! ஓத்ரா!" என்று கத்துங்கள், இன்னொன்று பாடு என்று கேட்பது அப்படித்தான். தட்டிக்கொண்டே கத்தினால் பெரும்பாலும் வருவார்கள், அந்தப் பாட்டுத்தான் அன்றைய இரவிலேயே நீளமானதாகவும் இருக்கும், அதற்கென்று காலில் கொஞ்சம் பலத்தை மிச்சம் பிடித்து வையுங்கள். முடிந்த பிறகு சேட்டை மாற்றிக்கொண்டு வெளியே வாருங்கள், வேர்வையோடு ஏ.சி. வானில் ஏறினால் குளிரில் நடுங்குவீர்கள். அன்றிரவு காது கொஞ்சம் இரைந்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் போய்விடும், இரண்டு மூன்று நாள் கழித்தும் போகாவிட்டால் காது வைத்தியரிடம் காட்டுங்கள்.